பிறகு வரச் சொல்லுங்கோ

“சரியான வாய்க்காரி” என்று சொல்லித்தான் கொழும்பில் என்னை அவரிடம் வேலை பழக அனுப்பினார்கள். எங்கள் கம்பனியின் மல்லாவிக் கிளையில் கணினி நிர்வாகி அவர். நரையோடிய கொண்டை, கணினிகள் இருக்கும் குளிரறைக்காக ஆண்கள் போடும் சுவெற்றர். அங்கே அலுமாரி போன்ற சட்டகத்தில் பிளேட் எனப்படும் தட்டைக் கணினிகளைப் புத்தகம் மாதிரி செருகியிருந்தார்கள். துணுக்காய்ப் பக்கப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக அவற்றில் கட்டட வரைபடம் கீறினார்கள்.

கோளாறு பார்க்க ஒருத்தியின் திரைக்குள் போகமுன் அவர் போனில் கேட்பார்: “வரட்டோ பிள்ளை?” அவள் சம்மதம் அழுத்தாமல் திரை திறக்காதபடி அமைத்திருந்தார்.

என்னோடு வந்த மனேஜருக்கு அது பிடிக்கவில்லை. “அவங்களுக்குத் தெரியாமப் பார்க்கிற மாதிரி மாத்துங்க.”

“மாத்தமாட்டன். படலையில நிண்டு கூப்பிடாமல் ஆரின்ர வீட்டு வளவுக்குள்ளயும் போவியளோ?”

“மெஷின் கம்பனியோடது.”

“ஓம், மெஷின் உங்கட. அதில வேலை செய்யிறது எங்கட பிள்ளை.”

“அப்ப வேற ஆளைப் போடுவோம்.”

“போடுங்கோ. அதுவரைக்கும் கேட்டுத்தான் போகலாம்.”

உடனே போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். “பிள்ளை, கொழும்பு ஐயா உம்மட திரையைப் பாக்கவேணுமாம். விடட்டோ?”

போனுக்குள் மவுஸ் கிளிக் சத்தம் கேட்டது.

“இப்ப வேலையாய் இருக்கிறன் அக்கா. பிறகு வரச் சொல்லுங்கோ.”

மனேஜர், குளிரறை வாசலிலேயே நின்றார்.

அந்த அக்காவின் வேலை பிறகு என்னவாயிற்றோ, தெரியாது. நான் இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் ஒருவரின் திரைக்குள் போகிறேன். யாராவது “பிறகு வாங்கோ” என்றால் ஏனோ சந்தோஷமாக இருக்கிறது.