மெஹரு அக்கா எனக்கு அள்ளி வைத்த கறித்துண்டுகள்

சனிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக நான்கு முட்டைகளை வேகப்போட்டேன். மூன்று எனக்கு, ஒன்று கணவருக்கு. தண்ணீர் கொதிக்கும்போது மெஹரு அக்காவின் மகள் சபீனாவின் அழைப்பு வந்தது. "ஆன்ட்டி, அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றாள். அக்கா இறந்துவிட்டார். பாத்திரத்தில் நீர் வற்றி முட்டைகள் வெடித்த பிறகுதான் எனக்கு அடுப்பின் நினைவே வந்தது.

மெஹருன்னிசா அக்கா எங்கள் கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர். நான் நூலகர். அவர் வாய்க்குப் பயப்படாத பேராசிரியர்கள் குறைவு. விண்ணப்பத்தில் கையெழுத்திடாமல் கொடுத்துவிட்டுச் சத்தம் போட வந்த ஒருவரிடம், "அண்ணே, போடாத கையெழுத்த எங்கிட்ட வந்து தேடுனா எப்படி?" என்றார். அந்தப் பேராசிரியர் சிரித்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

எடை குறைக்கும் போட்டியைத் தொடங்கியதும் அக்காதான். நாங்கள் ஐந்து பெண்கள் காலையில் கல்லூரி மைதானத்தைச் சுற்றி நடப்போம், கயிறு தாண்டுவோம். திங்கட்கிழமைதோறும் நூலகத்தில் எடை பார்ப்போம். அக்கா காலையில் எலுமிச்சை நீர் குடிப்பார். மதியம் வெள்ளரிக்காயும் மோரும், இரவு ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி. ஐந்து மாதத்தில் பதினேழு கிலோ குறைந்தார். நாங்கள் கைதட்டினோம். பொன்னாடை வாங்கி வந்து போர்த்தியவள் நான்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, சர்க்கரை கூடியதால், யாருக்கும் சொல்லாமல் நான் ஓர் உணவு ஆலோசகரைப் பார்த்திருந்தேன். "எடையைக் குறைக்கிறப்பதான் மேடம் புரதம் கூட வேணும். இல்லன்னா கொழுப்போட தசையும் சேந்து கரையும்" என்றார் அந்தப் பெண். உடற்பயிற்சியும் செய்வதால் என் எடையில் கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் வரை புரதத்தை, வேளைக்கு முப்பது கிராம் வருமாறு பிரித்துச் சாப்பிடச் சொன்னார். "நூறு கிராம் கோழின்னா நூறு கிராம் புரதம்னு நினைச்சுக்காதீங்க, இருபத்தஞ்சு, முப்பதுதான். ஒரு முட்டையில ஆறு." பருப்பு, சுண்டல், தயிர் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதித் தந்தார். அதை நான் யாருக்கும் காட்டவில்லை. போட்டியில் இரண்டாம் இடத்தில் இருந்தேன். காரணம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருந்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெருநாளுக்கு மறுநாள் அக்கா பிரியாணி கொண்டு வந்தார். தன் பங்குக் கறித்துண்டுகளை எல்லாம் பொறுக்கி என் தட்டில் வைத்தார்.

"தின்னு செல்வி, நல்லாத் தின்னு. திங்கக்கெழம தராசு ஒடையணும்."

"ஏங்க்கா, இம்புட்டையும் நானா?"

"நீ தோக்கணும்ல? அதுக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். கறி தின்றால் எடை ஏறும், என்னை ஏமாற்றுகிறோம் என்று அவர் நினைத்தார். எனக்கு வேண்டியதைத்தான் தருகிறார் என்று தெரிந்தே நான் தின்றேன். அவர் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேலூரில் ஒரு கல்யாணம். திரும்பும்போது பேருந்துப் படியில் அவரால் ஏற முடியவில்லை. இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து நின்றார். "எட கொறஞ்சா பறக்கலாம்னு பாத்தேன். ஏறவே முடியலடி" என்று சிரித்தார். நான் கைகொடுத்துத் தூக்கினேன். மேல்கையில் தோலும் எலும்பும்தான் என் பிடியில் சிக்கின. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த திங்கட்கிழமையும் எடை பார்த்தோம்.

போன மாதம் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. நெஞ்சில் சளி கட்டியது. "உடம்புல தெம்பே இல்லையேம்மா, என்னதான் சாப்பிட்டாங்க?" என்று மருத்துவர் சபீனாவிடம் கேட்டாராம். புரதக் குறைவால்தான் போனார் என்று யாரும் எழுதித் தரவில்லை. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். குழந்தை பெற்ற பின் சபீனாவின் உடம்பு கொஞ்சம் பெருத்திருக்கிறது. "அம்மா எம்புட்டுக் கட்டுப்பாடு, பாத்தீங்கள்ல ஆன்ட்டி? நானும் அம்மா மாதிரியே கஞ்சியும் வெள்ளரிக்காயுமா ஆரம்பிச்சிட்டேன்" என்றாள். "நல்லா இரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் அக்காவின் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் முதல்வர். நான் அக்காவிடமிருந்து எடுத்துக்கொள்வது அது அல்ல. அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களிடம் அக்கா சொல்வார்: "தப்பாப் போன ஃபைல அடியில சொருகாத. எடுத்து மேல வை, எல்லார் கண்ணுலயும் படட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சபீனாவைப் பார்க்கப் போகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. என்ன சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொன்னால் அவள் என் கையைப் பிடித்து நன்றி சொல்வாள். அதற்கு முன், அவள் அம்மாவுக்கு அதை நான் ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்லிவிடுவேன்.