சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்கள்

தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. கோபம் வந்தால் சாத்திக்கொள்ள உள்கதவு கிடையாது. அதனால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவோம். அப்படிப் படுத்தவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். கல்யாணமான புதிதில் நானும் இந்த வசதியைத் தாராளமாக அனுபவித்தவள்தான்.

அதனாலேயே மூட்டுவாதம் வந்து நிஜமாகவே விழுந்தபோது ஒருத்தரும் நம்பவில்லை. விரல் கணுக்களும் முழங்காலும் வீங்கின. அதைவிட மோசம், எதிலும் மனசு ஒட்டவில்லை. பசி இல்லை, பேச்சு பிடிக்கவில்லை, தலை வாரத் தோன்றவில்லை. மூட்டில் அழற்சி என்று டாக்டர் மாத்திரை எழுதினார், கேட்கக் கொஞ்ச நாளாகும் என்றார். மாத்திரை தின்கிறவள் எதற்குச் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள் என்று வீட்டில் கேள்வி. வாசல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சொல்லக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது.

என் மாமியார் சமாதானம் பேச வந்தார். "ஏட்டி, மீன் கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு சொன்னேனே, அதுக்கா?"

நான் சுவரைப் பார்த்தபடியே கிடந்தேன். மறுநாள் வந்து வேறொரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். என் அம்மா சீராகக் கொடுத்த குத்துவிளக்கைக் குறை சொன்னது, என் தம்பி வந்தபோது காபி கேட்காமல் இருந்தது என்று எனக்கே மறந்துபோனதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இல்லை என்று தலையாட்டவும் தெம்பில்லை.

நவி மும்பை சான்பாடாவிலிருந்து நாத்தனார் வந்தாள். "மைனிக்கு இங்க இருக்கப் பிடிக்கல. ஊர்ல கொண்டு விட்டிரு அண்ணே, அவங்க அம்மா பாத்துக்கிடட்டும்" என்றாள். கையோடு போனிலேயே ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டாள். என் முதுகுக்குப் பின்னால் சேலைகளை அடுக்கிப் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பயந்துபோனேன். சீக்காளி என்று போகிறவளைத் தேறியதும் திரும்பக் கூப்பிடுவார்கள். கோபக்காரி என்று போகிறவளை யார் கூப்பிடுவார்கள்? அழுகை வந்தது. அதையும் கோபக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

என் கணவருக்கு ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே எலிக்கு ஓர் ஊசி போடுவார்களாம். உயிருள்ள கிருமி எதுவும் இல்லாமலே உடம்புக்குள் அழற்சி கிளம்பிவிடும். எலி தின்னாது, முடி சிலிர்த்து மூலையில் ஒடுங்கும், கூட இருக்கிற எலியை முகர்ந்தும் பார்க்காது. ஒரு கூட்டத்துக்குச் சாதாரணத் தீனி. இன்னொன்றுக்கு, கீரையிலும் பழத்திலும் இருக்கிற ஆன்டிஆக்சிடன்ட் சத்து சேர்த்த தீனி. எது சீக்கிரம் தேறுகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

அன்று வேலையிலிருந்து வந்தவர் கட்டிவைத்த பையைப் பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"யம்மா, இவ கோவத்துல படுக்கல. எங்க எலியும் இப்படித்தான் கெடக்கும். எலிக்கு யார் மேல கோவம்? சண்ட உள்ளுக்குள்ள நடக்கு. அதான் உடம்பு படுக்கப் போட்டிருக்கு."

"அப்போ அந்த நல்ல தீனிய மைனிக்கும் போடேன்" என்றாள் நாத்தனார், நக்கலாக.

மனுஷர் அதை நக்கலாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மறுநாளே நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை எல்லாம் வாங்கி வந்துவிட்டார். நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி, துண்டுபோட்டு என் வாயருகே நீட்டினார்.

"நான் என்ன எலியா?" என்றேன். அந்த வாரத்தில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நல்ல தீனி தின்ன எலியும் விழத்தான் செய்யும். ஆனா கொஞ்சம் வெரசா எந்திரிச்சிரும். தின்னு" என்றார். மாத்திரையையும் விடவிடவில்லை. எது கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்து ஊட்டியது பிடித்திருந்தது, அது மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பை தலைமாட்டிலேயே இருந்தது. விழித்தவள், கீழே விரித்திருந்த பழைய சேலையின் சுருக்கத்தை நீவிவிட்டு, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகி, தலையணையைத் தட்டிச் சரிசெய்தேன். கை பாட்டுக்குச் செய்தது, நான் கவனிக்கவேயில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரைத் தரையில் வைத்தார்.

"யம்மா! இவ கூடு கட்டுதா!"

சீக்கில் கிடக்கிற எலி, கூண்டில் போடுகிற காகிதத்தைத் தொடாதாம். அதைக் கிழித்துப் படுக்கை கட்ட ஆரம்பித்தால் தேறுகிறது என்று அர்த்தமாம். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

அத்தை வந்து பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ நெசமாவே சீக்குதானா? நான் கேட்ட மன்னிப்பெல்லாம்?"

"அத நான் வச்சுக்கிடுதேன் அத்தை" என்றேன்.

சிரித்துக்கொண்டே பையைத் திறந்து என் சேலைகளை எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி மகனிடம் கேட்டார்.

"ஏல, தேறின எலிய எங்க கொண்டு விடுவீங்க?"

"எங்கயும் விடமாட்டாங்க யம்மா. ஆராய்ச்சி முடிஞ்சதும் கொன்னுருவாங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை மிச்சச் சேலைகளையும் எடுத்து வைத்துவிட்டு, வெறும் பையை மடித்துப் பரணில் போட்டார். டிக்கெட்டை உடனே கேன்சல் பண்ணச் சொன்னார்.