அவர் பார்த்த விளக்கு

சைக்கிள் விளக்கு செய்யும் அந்தக் கம்பெனியில் அவரைக் கண்ணாயிரம் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. பின்பக்கம் நீளமான காலி இடம். அதன் ஒரு கோடியில் எஞ்சின் கழற்றிய பழைய பேருந்து ஒன்று நிற்கும். பொழுது சாயும் நேரம் அதன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காருவார். எதிரே ஒருவர் புது விளக்கு மாட்டிய சைக்கிளை ஓட்டிக்கொண்டு போவார். எத்தனை தூரத்தில் தெரிகிறது, பிரேக் பிடித்தால் சிவப்பு கூடுகிறதா, கைப்பிடிப் பொத்தானை அமுக்கினால் எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்று புரிகிறதா, எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டிய கண். அவர் 'பாஸ்' என்று கையெழுத்துப் போடாமல் ஒரு விளக்கும் பெட்டிக்குள் போகாது.

ஆனால் மனிதருக்கு ஒரு வியாதி. விட்டு விட்டு எரியும் எதையும் பார்க்க முடியாது. வீட்டில் டிவி, சார்ஜர், இன்டர்நெட் டப்பா, எதில் புள்ளி மினுக்கினாலும் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார். "நல்லவேளை, நான் கண் சிமிட்டுறேன்னு இன்னும் எனக்கு டேப் ஒட்டலை," என்பாள் மனைவி. அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போய், டேப் எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

காரணத்தை அவளிடம்கூடச் சொன்னதில்லை. நாம் சொல்லிவிடலாம். ஆறு வருடத்துக்கு முன், விடிந்தும் விடியாத ஒரு காலையில், அவருடைய பேருந்து ஒரு சைக்கிள்காரரைப் பின்னாலிருந்து அடித்தது. ஆள் அந்த இடத்திலேயே போய்விட்டார். சைக்கிளின் பின்பக்கம் அடையாளம் தெரியாமல் நசுங்கிக் கிடந்தது. விசாரணையில் கேட்டபோது, "சைக்கிள்ல லைட் இல்லைங்க," என்றார். அவ்வளவுதான், வேலை தப்பித்தது.

விளக்கு இருந்தது. சின்னதாக, சிவப்பாக, விட்டு விட்டு எரிந்தது. அவர் பார்த்தார். தூரத்தில் ஏதோ வண்டி போகிறது என்று நினைத்தார். அடுத்த முறை அது மின்னியபோது முன்கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அதன் பிறகு அவரால் நான்கு மாதம்கூட வண்டி ஓட்ட முடியவில்லை. எந்தச் சாலையில் திருப்பினாலும் அந்தப் புள்ளி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அந்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கம்பெனிக்கு வந்தார்.

பொய் சொல்லித் தப்பியவருக்குத் தண்டனை அன்பாக வந்தது. இறந்தவரின் மனைவி இதே கம்பெனியில் விளக்குக்குக் கம்பி பற்றவைக்கும் சால்டரிங் மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியும். முதல் நாளே நேராக வந்தாள்.

"உங்க மேல தப்பு இல்லைண்ணே. லைட் வாங்குங்க, லைட் வாங்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அந்த மனுஷன் கேட்டாத்தானே? மத்தவங்களாவது லைட்டோட போகட்டும்னுதான் இந்த வேலைக்கே வந்தேன்."

அன்றிலிருந்து அவள் தங்கை. கல்லூரியில் படிக்கும் அவள் மகளுக்கு இவர் மாமா. சாயங்காலம் அம்மாவைக் கூட்டிப்போக வரும் மகளை, "சொன்ன பேச்சைக் கேக்குறதே இல்லை, அப்படியே உங்கப்பா," என்று தங்கை திட்டும்போதெல்லாம் இவருக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும். சொன்னால் அந்த 'அண்ணே' போய்விடும். கோழைத்தனம்தான், அதற்கு வேறு நல்ல பெயர் தேட வேண்டாம்.

ஒரு நாள் இன்ஜினியர் பெண் புது விளக்கோடு வந்து நின்றாள். விட்டு விட்டு மட்டுமே எரியும் ரகம். அவர் ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில் போட்டது.

"காரணம் எழுதணும் சார். பிடிக்கலைன்னா எப்படி? இதுதான் கண்ணைப் பறிக்குது, பேட்டரியும் ரெண்டு மடங்கு நிக்குது. நாளைக்கு ஐயாயிரம் பீஸ் போடப்போறாங்க."

வழக்கமாக ஓட்டுகிற ஆள் அன்று வரவில்லை. "அக்கா, நீங்க ஒரு ரவுண்டு போங்களேன்," என்று தங்கையைச் சைக்கிளில் ஏற்றி அனுப்பினாள்.

அவர் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் சைக்கிளும் தெரியவில்லை, தங்கையும் தெரியவில்லை. சிவப்புப் புள்ளி மட்டும் வந்தது, மறைந்தது, வந்தது. அவருடைய கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது.

"அக்கா, அங்கேயே நில்லுங்க! எவ்வளவு தூரம் சார்?"

"நூறு மீட்டர்."

இன்ஜினியர் தூரம் குறித்துத் தரையில் போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள். "முப்பதுதான் சார். நின்ன வண்டியில உக்காந்திருக்கீங்க, அதான். ரோட்டுல யாரும் இப்படி ஏமாற மாட்டாங்க. பாஸ் போடுங்க."

"நான் ஏமாந்தேன்மா."

அதற்குள் தங்கை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டாள். இனி வாயை மூட முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு உன் வீட்டுக்காரர் சைக்கிள்ல லைட் இருந்துச்சும்மா. இதே மாதிரிதான் மின்னுச்சு. எங்கேயோ போகுதுன்னு நினைச்சேன். இல்லைன்னு நான் சொன்னது பொய்."

கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"வாங்கிட்டாரா?" என்றாள். "முந்தின நாள் சாயங்காலம் சண்டை போட்டேன். பேசாம சைக்கிளை எடுத்துட்டு வெளியே போனாரு. கோவிச்சுக்கிட்டுப் போறாருன்னு நினைச்சேன். அப்போ, லைட் வாங்கத்தான் போனாரா?"

கை நீட்டி, மின்னிக்கொண்டிருந்த விளக்கை அணைத்தாள்.

"ஆறு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

சைக்கிளைப் பேருந்தின் மேல் சாய்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு கேட்ல நிக்கிறா. நீங்களே போய்ச் சொல்லுங்க."

அதில் 'அண்ணே' இல்லை. அவர் தாளை வாங்கி ஃபெயில் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'தூரம் தெரியாது. என் வண்டியில் ஒருவர் இறந்தார்,' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார். கேட் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு முறை நின்றார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் சிரித்தாள். "என்ன மாமா, இன்னைக்கு எத்தனை லைட்டை ஃபெயிலாக்கினீங்க?"

"உங்கப்பா அன்னைக்கு லைட் போட்டிருந்தாரும்மா," என்றார். "அம்மா பேச்சைக் கேட்டு வாங்கியிருக்காரு. நான் பார்த்தேன்."