குஞ்சு மீனைக் காயப்போட மாட்டோம்

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்தெட்டு வயது. தருவைகுளத்தில் வள்ளம் கரைக்கு வந்ததும் மீனைப் பெட்டியில் அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டு, உள்நாட்டு ஊர்களுக்கு நடந்துபோய் விற்பேன்.

அப்போது தூத்துக்குடியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். கோழித் தீவனத்துக்குக் கருவாடு வேண்டும், எவ்வளவு பொடி மீனானாலும் சரி என்றார். கொசுவலை போன்ற நெருக்கமான வலைகளையும் அவரே கொடுத்தார். ஆண்கள் கரையோரத்திலேயே அதை விரித்து வள்ளம் நிறைய அள்ளிவந்தார்கள். மணலில் பரப்பி, கிளறிக் காயவைத்து, சாக்கில் கட்டுவது பெண்களின் வேலை. அன்றன்றைக்குக் கூலி கிடைத்தது. நானும் சந்தோஷமாகத்தான் செய்தேன், மறைக்க மாட்டேன்.

அடுத்த வருடம் என் பெட்டி பாதிகூட நிறையவில்லை. விளமீன் இல்லை, பாறைமீன் இல்லை, சாளைகூட அரிதாகிவிட்டது. கடலைப் பார்த்தபடி என் பிள்ளைகள் ரேஷன் அரிசிச் சோற்றைத் துவையலோடு தின்றார்கள்.

ஒருநாள் குவியலைக் கிளறும்போது ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு விளமீன் குஞ்சு. அதன் கீழே இன்னும் பத்து. பக்கத்தில் வேலை செய்த என் நாத்தனாரிடம் காட்டினேன்.

“இது வளந்தா நான் விக்க வேண்டிய மீன்லா?”

அவளும் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். “நம்ம பிள்ளைய சோத்த நாமளே கோழிக்குப் போடுதோம், மயினி.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெண்களை நிறுத்தி இருவரும் பேசினோம்.

“வலைய நிறுத்தச் சொன்னா ஆம்பிளைய கேப்பாவளா?” என்றாள் ஒருத்தி.

“அவுகள எதுக்குக் கேக்கணும்? நாம காயப்போடலன்னா அழுகுன மீன யாரு வாங்குவா?” என்றேன்.

மறுநாளிலிருந்து ஒரு பெண்ணும் அந்த மீனைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் கத்தினார்.

“ஏளா, வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?”

“எரிஞ்சா போதுமா? சட்டிக்குள்ள போட மீன் வேண்டாமா?”

ஆண்கள் தாங்களே காயவைக்கப் பார்த்தார்கள். இரண்டாம் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மீன் அழுகிக் கரையெல்லாம் நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

பத்தாம் நாள் வியாபாரி லாரியோடு வந்தார். “கூலியக் கூட்டித் தாரேன். வாங்க” என்றார்.

எங்களில் ஒருத்தி கடலில் புருஷனைப் பறிகொடுத்து மூன்று பிள்ளைகளோடு நின்றவள். அந்தக் கூலியை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. அவள் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அண்ணாச்சி, கூலி வேண்டாம். குஞ்சக் கடல்ல விட்டுருங்க. வளரட்டும். பெறகு நாங்களே பிடிச்சுத் திங்கோம், ஊருக்கும் விக்கோம்.”

வியாபாரி வண்டியில் ஏறினார். கிளம்பிய லாரி மணலில் புதைந்தது. பெண்கள் எல்லோரும் ஓடிப்போய்த் தோள்கொடுத்துத் தள்ளினோம். அப்படி ஒரு பலம் எங்களுக்கு எங்கிருந்து வந்ததோ! வெறும் லாரி குலுங்கிக்கொண்டே ரோட்டில் ஏறியபோது நாங்கள் போட்ட கூச்சலில் வீட்டுக்குள் இருந்தவர்களும் வெளியே ஓடிவந்தார்கள்.

அந்த வாரமே ஆண்கள் ஊர்க்கூட்டம் போட்டு, நெருக்க வலையை இனி யாரும் தொடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். தங்கள் யோசனைபோலவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம். அந்த விதவைப் பெண்ணுக்கு மட்டும், ஒவ்வொரு வள்ளத்திலிருந்தும் விற்பதற்கு ஒரு பங்கு மீன் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினோம்.

மீன் உடனே வந்துவிடவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தோம். பிறகு ஒருநாள், கழுத்து வலிக்க வலிக்க விளமீனைச் சுமந்துகொண்டு நானும் அவளும் உள்நாட்டு ஊர் ஒன்றுக்குள் நுழைந்தோம். வழக்கமாக வாங்கும் அம்மா பெட்டிக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, “இவ்வளவு நாளு எங்கன போனிய?” என்று கேட்டார்.

“சண்டைக்குப் போயிருந்தோம்” என்றாள் அவள், பெட்டியை இறக்கி வைத்தபடி.