அப்பா கட்டிய கேபின்

விராலிமலை தாண்டி மதுரை போகும் ரோட்டோரம், என் தம்பியின் ஷெட்டில் ஒரு பழைய இங்கிலாந்து லாரி நிற்கிறது. பச்சைப் பெயிண்ட், மூக்கில் பித்தளை எழுத்து. போகிற வருகிறவர்கள் எல்லாம் காரை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் எடுக்கவில்லை. அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவும் மனம் வரவில்லை. கோபம் கம்பெனி மேல் இல்லை, கூடப் பிறந்தவன் மேல்.

எங்கள் அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சர். அந்தக் காலத்தில் லாரி முழுதாக வந்து சேராது. இஞ்சின், அடிச்சட்டம், சக்கரம், ஸ்டீயரிங், அவ்வளவுதான் வரும். மெட்ராஸிலிருந்து டிரைவர் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ஓட்டி வருவார். கதவு, கூரை, சீட்டு எல்லாம் நம் ஊரில் தேக்கு மரத்தில் கட்டியதுதான். அப்பா முதலில் டிரைவர் சீட்டுப் பலகையைத்தான் எடுப்பார். அதன் அடிப்பக்கத்தில் உளியால் ஒரு பிள்ளையார் சுழி வெட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. அவருக்குப் பீச்சாங்கைப் பழக்கம், அதனால் சுழியின் வால் எப்போதும் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பட்டறையில் எல்லோரும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

தம்பி வளைகுடாவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். மூன்று வருடத்துக்கு முன்னால் அரிமளம் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில்லின் கொல்லையில் இந்த லாரியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். நான் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். இடது பக்கம் வால் இழுத்த சுழி. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சுழியை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

"அழுவாதக்கா. வண்டிய நான் ஓட வைக்கிறேன். அப்பா வேலையில ஒரு ஆணியக்கூடத் தொட மாட்டேன், சத்தியமா" என்றான்.

நம்பினேன். தம்பிதானே, நம்பாமல்?

நான் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் கம்பெனியின் லாரிகள் மேல் பைத்தியமாக இருக்கும் பெரியவர்கள் சிலர் இங்கிலாந்தில் இருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்து ஈமெயில் எழுதினேன். வண்டியைக் காசு கொடுத்து வாங்கியவன் அவன் என்பதால் கீழே தம்பி பெயரைத்தான் போடுவேன். ஒருவர் பதில் போட்டார். சின்ன வயதில் அதே தொழிற்சாலையில் வேலை பழகியவராம். கம்பெனியின் கதையைத் தவணை தவணையாக எழுதினார். ஓர் அப்பாவும் பிள்ளைகளும் நீராவி வண்டியில் ஆரம்பித்தது, சண்டைக்காலத்தில் ராணுவத்துக்கு லாரி செய்தது, பிறகு கப்பல் ஏற்றி நம் பக்கம் அனுப்பியது. கடைசியில் ஒரு பெரிய கம்பெனி வாங்கி மூடிவிட்டதாம், இப்போது அந்த இடத்தில் வீடுகள்தானாம். அங்கே ஓடிய லாரி எப்படி இருக்கும் என்று ஒரு படமும் அனுப்பினார். தகர கேபின். எல்லாவற்றையும் வரி வரியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தது நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

போன வருடம் மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் கோயம்புத்தூரில் இருந்தேன். போனில் கேட்கும்போதெல்லாம் "வேல நல்லாப் போகுதுக்கா" என்பான். வேலை முடிந்து வண்டிப் பூஜைக்கு நாள் குறித்ததும் கிளம்பி வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஷெட்டுக்கு எதிர் டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ குடித்தேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை.

"இருக்கட்டும் டீச்சர். ஒங்க தம்பி குடுத்த வெறகு நல்ல தேக்கு. நின்னு எரியுது. ரெண்டு மாசமா அடுப்புக்கு அதான்" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. ரோட்டைத் தாண்டி ஷெட்டுக்குள் போனதும் புரிந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு லாரி நின்றது. அந்தப் பெரியவர் அனுப்பிய படத்தில் இருந்த அதே தகர கேபின்.

"எங்கடா அது?"

"திருச்சியில பழைய வண்டி எக்ஸிபிஷன்ல கேட்டேன்க்கா. மர கேபின் ஒரிஜினல் இல்லையாம், சேத்துக்க மாட்டாங்களாம். பழைய பலகையெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு."

தச்சனுக்குப் பிறந்தவன் தேக்கைக் கரையான் அரித்தது என்கிறான்! எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "சீட்டுப் பலகையாவது?" என்று கடைசியில் கேட்டேன். அவன் மாலையைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். லாரிக்கு முன்னால் ஒரு போர்டு வைத்திருந்தான். கம்பெனியின் கதை, என் மொழிபெயர்ப்பு. கடைசி வரியை மட்டும் அவனாகச் சேர்த்திருந்தான்: 'இந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்த அதே உருவத்தில் இருக்கிறது.'

ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு அவனே போட்டோக்களோடு வீட்டுக்கு வந்தான். அந்தப் பெரியவருக்கு அனுப்ப வேண்டுமாம், அவர் பாராட்டி எழுதுவதைப் போர்டில் போட வேண்டுமாம். சண்டை போடத் தெம்பில்லாமல் அனுப்பினேன். நாலு நாளில் பதில் வந்தது. தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தமிழில் வாசித்தேன்.

'அழகாக இருக்கிறது. ஒரு சந்தேகம். உங்கள் ஊருக்கு நாங்கள் ஒரு வண்டியையும் கேபினோடு அனுப்பியதில்லை. வெறும் சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்து அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அங்கே யார், எப்படி மேலே கட்டுகிறார்கள் என்று சாப்பாட்டு வேளையில் பேசிக்கொள்வோம். அப்படி ஒன்றை எங்களில் யாரும் பார்த்ததில்லை. உங்கள் முதல் கடிதத்தில் உங்கள் அப்பா கட்டிய மர கேபின் அப்படியே இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு வேண்டியது அந்தப் படம்தான்.'

தம்பி மெல்லச் சொன்னான்: "மழையில கெட்டுப்போச்சுன்னு எழுதிடுக்கா. சீட்டுக்கு அடியில அன்னைக்கு ஒரு போட்டோ எடுத்தீல்ல, அத வச்சு அனுப்பிரு."

சுழியின் போட்டோவை அனுப்பினேன். கூடவே எழுதினேன்: 'கேபின் இப்போது இல்லை. என் தம்பி அதைப் பிரித்து டீக்கடைக்கு விறகாகக் கொடுத்துவிட்டான். அந்த அடுப்பில் கொதித்த டீயை நானும் ஒரு கிளாஸ் குடித்தேன்.'

கீழே அவன் பெயரைப் போடவில்லை. என் பெயரைப் போட்டேன்.