‘மேல போடு’: தேசப்பன் அண்ணனின் குரல்

ரசிகர் குழுவில் “தேசப்பன் அண்ணன் போயிட்டாரு” என்று செய்தி வந்தபோது எங்களில் யாரும் பதறவில்லை. நம் கால்பந்து அணி தோற்கும் ஒவ்வொரு ஞாயிறும் கோபித்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போகிறவர் அவர். மறுநாள் கடலுக்குப் போய்த் திரும்பியதும் எனக்குப் போன் செய்து, “சேத்து வுடுடா” என்பார். அதனால் முதலில் வந்த பதில்கள் எல்லாம் சிரிக்கும் முகங்கள். “மேட்சே இன்னும் ஆரம்பிக்கலியே, அதுக்குள்ள இன்னா கோவம்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். பிறகுதான் அவருடைய தம்பியின் குரல் பதிவு வந்தது. கரையில் படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அந்த முகங்களை அழிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் நம் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அவரை மறந்திருக்க முடியாது. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் மைதானத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே ஏரி. கடல் பக்க ஓரம் பொதபொதவென்று மணல். அங்கே போன பந்து உருளாமல் செத்துவிடும். ஏரிப் பக்கம் தரை இறுகியிருக்கும். ஆகவே நம் தாக்குதல் ஏரி ஓரமாகத்தான் போக வேண்டும் என்பது தேசப்பன் அண்ணனின் கட்சி. நடுவில் குட்டிக் குட்டிப் பாஸ்களாகக் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும் என்பது என் கட்சி. நானோ உலகத்து அணிகளையெல்லாம் போனில் பார்த்துப் பார்த்து ஆட்டம் கற்றுக்கொண்டவன். அம்புக்குறி போட்டு வீடியோ போடுகிறவன். சும்மா விடுவேனா?

“உன் போன்ல கீற கிரவுண்டு கேரம் போர்டு மாறி கீது. நம்ம கிரவுண்டுல நண்டு வளை கீதுடா” என்பார்.

“அண்ணே, நீங்க ஒரு நாளாவது பந்த ஒதைச்சிருக்கீங்களா? சும்மா கத்துறீங்க.”

“ஒதைக்கிறதுக்குப் பதினோரு பேரு கீறான். கத்துறதுக்கு ஒரு ஆளு வேணாமா?”

உண்மையில் அந்த ஓர் ஆள் போதும். கடலில் அடுத்த படகுக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை அது.

இந்த சீசன் தொடங்கியபோது பழவேற்காடு டவுனிலிருந்து இம்ரான் நம் அணிக்கு வந்தான். நடுக்களத்தில் ஆடுகிறவன். அப்பாவின் கடையை ஞாயிற்றுக்கிழமை மாலையில் விட்டுவிட்டு வருவதற்கு வீட்டில் எவ்வளவோ கெஞ்சியிருந்தான். காலில் பந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் முதல் ஆட்டத்தில் அவனிடம் பந்து போனபோதெல்லாம் அது வானத்துக்குப் பறந்தது. கடற்காற்று அதை அள்ளிக்கொண்டு போய் ஏரிக்கரையில் போட்டது. இரண்டாவது ஆட்டத்திலும் அதே கதை. இரண்டிலும் தோற்றோம்.

“யாருக்குடா பாஸ் குடுக்குற? பூநாரைக்கா?” என்று ஓரத்திலிருந்து அண்ணன் கத்தினார். மைதானமே சிரித்தது. இம்ரான் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் வலைகள் குவித்திருக்கும் கொட்டகையில் எல்லோரும் கேப்டனைச் சூழ்ந்துகொண்டோம். ஏரி ஓரமா, நடுவா என்ற எங்கள் சண்டை அன்று இல்லை. இம்ரானை உட்கார வை என்பதில் இரண்டு கட்சியும் ஒன்றாகியிருந்தன. அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்தால் அவன் திரும்ப வரமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். வெட்டியாகப் போய் உட்கார்வதற்குக் கடையிலேயே உட்காரலாமே என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். கேப்டனும் தலையாட்டத் தொடங்கிவிட்டான். அப்போதுதான் இம்ரான், தேசப்பன் அண்ணனைப் பார்த்து வாயைத் திறந்தான்.

“அண்ணே, நீங்கதான மேல போடு, மேல போடுன்னு கத்துறீங்க? நான் மேலதான போடுறேன்?”

“எங்கடா மேல போட்ட?”

இம்ரான் விரலை நிமிர்த்தி ஆகாயத்தைக் காட்டினான். அண்ணன் கையை நீட்டி ஏரியைக் காட்டினார். “மேலன்னா மேக்கடா! ஏரிப்பக்கம்!”

குப்பத்தில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. படகில் பிறந்து வளர்ந்த பேச்சு. இடம் வலம் என்றால் இடைவேளைக்குப் பிறகு மாறிப் போகும், மேலயும் கீழயும் மாறாது என்று அண்ணன் அடிக்கடி பெருமையாகச் சொல்வார். டவுனில் கடைக்குள் வளர்ந்தவனுக்கு மேல என்றால் தலைக்கு மேலே. பாவம், ஓரத்திலிருந்து வந்த கட்டளையை அவன் ஒன்று விடாமல் நிறைவேற்றியிருக்கிறான்!

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. இம்ரானை ஓரமாக அழைத்துப் போய்த் தோளில் கை போட்டு ஏதோ சொன்னார். அவன் பரவாயில்லை என்று தலையசைத்தான். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் தொடங்கும் முன், வர்ணனைக்கு வைத்திருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அவர் மைதானத்தின் நடுவுக்கு நடந்தார்.

“அண்ணே, அவன்கிட்ட தனியா சொல்லிட்டீங்க இல்ல, வுடுங்க” என்றான் கேப்டன்.

“திட்டுனது ஊரு கேக்க. மன்னிப்ப மட்டும் காதுல சொன்னா இன்னாடா நாயம்?”

பிறகு மைக்கில் முழங்கினார்: “பந்து வானத்துக்குப் போனதுக்கு இந்தப் பையன் காரணம் இல்ல. என் வாயி காரணம். நான் கத்துனத அவன் கேட்டான், அவ்ளோதான். இனிமே இந்த கிரவுண்டுல மேலயும் கெடயாது, கீழயும் கெடயாது. ஏரி, கடல். அவ்ளோதான். இம்ரானு, மன்னிச்சுக்கோ நைனா.”

மைக் இல்லாமலே கேட்டிருக்கும். மைக்கோடு எவ்வளவு தூரம் போயிருக்குமோ!

அன்று இம்ரான் ஆடினான். ஒரு கோல் போட்டோம், ஒன்று வாங்கினோம். நம் கோல் நடுவழியாக, என் கட்சிப்படி வந்தது. நான் குதித்துக்கொண்டு அண்ணனிடம் ஓடினேன். “நாம ஏரிப்பக்கம் வருவோம்னு பயந்து அவனுங்க எல்லாரும் அங்க போயிட்டானுங்க. அதனாலதாண்டா நடுவுல வழி கெடச்சுது” என்றார். கடைசிவரை அவர் கட்சி மாறவில்லை. நானும்தான்.

இறுதி ஊர்வலத்துக்கு இம்ரானும் அவனுடைய அப்பாவும் கடையை மூடிவிட்டு வந்திருந்தார்கள். “என்னைத் திட்டுனவங்க எவ்ளோ பேரு. மைக்கப் புடிச்சு அத வாபஸ் வாங்குனவரு இவரு ஒருத்தர்தாம்பா” என்றான் என்னிடம்.

வாபஸ் வாங்கிய அந்தச் சத்தத்தைத்தான் அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். திட்டும் சத்தம் என்னிடம் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. என் இணையப் பக்கத்தில் வீடியோ பார்க்கிற உங்களுக்கே தெரியும். இனி நான் யாரையாவது தப்பாகத் திட்டிவிட்டால், கமெண்டின் மூலையில் சின்னதாக ஒரு வரி போட்டுத் தப்பிக்க மாட்டேன். திட்டிய அதே குரலில், அதே அளவு வீடியோவில், முகத்தைக் காட்டிச் சொல்வேன். தொண்டை மட்டும் அவர் அளவுக்கு வராது. கத்திப் பார்க்கிறேன், அண்ணே.