பூட்ஸ் போட்டவர்களுக்கு அத்தோ இல்லை

“…வெள்ளக்காரரா இருந்தா இன்னா, கவர்னரா இருந்தா இன்னா? இந்த கேட்லேர்ந்து வர்ற ஆளுக்கு என் வண்டியில அத்தோ கிடையாது. சொல்லு அவருகிட்ட.”

சொல்ல வேண்டியவன் நான். எதிரே நின்றவர், எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு லேடீஸ் ஷூ ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர். இறைச்சி தொடாதவர். மேனேஜர் பெருமையாகத் திறந்து காட்டிய பிரியாணி அண்டாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் அத்தோவை, அதாவது பர்மா நூடுல்ஸை, பார்த்து நடந்து வந்துவிட்டார். அவர் பின்னால் மேனேஜர். மேனேஜர் பின்னால், கம்பெனி இங்கிலீஷ் பேசுகிறவன் என்ற ஒரே தகுதியில் நான்.

வண்டிக்கார அக்கா பர்மாவில் பிறந்தவர். சின்னப் பெண்ணாகக் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். அவருடைய அக்கா மட்டும் அங்கேயே வாழ்க்கைப்பட்டு நின்றுவிட்டார். அந்த அக்காவின் மகனை மிலிட்டரி பிடித்துக்கொண்டு போய்விட்டது. மிலிட்டரியை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் போனானாம். இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தகவல் இல்லை. வெங்காயம் நறுக்கும்போது மட்டும்தான் வண்டிக்கார அக்கா அவனைப் பற்றிப் பேசுவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு “வெங்காயம்ப்பா” என்பார். வெங்காயம்தான் என்று நாங்களும் தலையாட்டுவோம்.

எங்கள் கம்பெனியில் தையல் கோணி ரிஜெக்ட் ஆன ஜோடியைத் தொழிலாளியே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த கறுப்பு பூட்ஸில், ஒரு நாள் அக்கா வண்டி முன்னால் புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார் என் தோஸ்த், கட்டிங் செக்‌ஷனில் இருக்கும் பாய்.

“ஜோரா கீதே பாய்! எங்க போவுது இந்த ஆர்டரு?”

“உங்க ஊருக்குத்தான்க்கா! பர்மா மிலிட்டரிக்கு!”

பிறந்த ஊர்ப் பேரைச் சொன்னால் ஒரு கரண்டி ஜாஸ்தி விழும் என்று நினைத்திருக்கிறார் மனிதர். அக்கா அவர் கையிலிருந்த தட்டைத் திரும்ப வாங்கி வைத்தார். “கழட்டு” என்றார். பூட்ஸ் வண்டிக்கு அடியில் போனது. பாய் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து கம்பெனி மொத்தத்துக்கும் தடை. அந்த ஆர்டர் நிற்கும்வரை ஒருவருக்கும் அத்தோ இல்லை. அத்தோ இல்லாமல் மேனேஜருக்குச் சாயங்காலமே ஓடாது. ஆட்டோக்காரரை அனுப்பி ரகசியமாகப் பார்சல் வாங்கப் பார்த்தார். அக்காவா ஏமாறுவார்? “பார்சல் இல்ல. இங்கியே துன்னு, நான் பாக்கணும்” என்றார். ஆட்டோக்காரர் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு வந்து, “சூப்பர் சார்” என்று மேனேஜரிடம் ஏப்பம் விட்டார்.

“பாதி யாவாரமே நாங்கதானக்கா, கம்மியாவுமே?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“ஆவட்டும். அந்தப் புள்ள துன்னானா இல்லியான்னே தெரியல. நீ அத்தோ இல்லன்னு அழுவுற.”

அந்த மிலிட்டரிக்கு ஒன்றும் விற்காதே என்று எத்தனையோ நாடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. மேனேஜர் அசரவில்லை. பெட்டிகள்மேல் ‘தொழிலாளர் பாதுகாப்புக் காலணி’ என்று ஒட்டச் சொன்னார். வெளிநாட்டுக்காரர் வரும் நாளில் பெட்டிகளெல்லாம் குடோனுக்குள் போயின. ரிஜெக்ட் பூட்ஸ் போடும் எல்லோரும் அன்று செருப்போடு வர உத்தரவு. வந்தவர் உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டார்: அந்த மிலிட்டரிக்கு ஏதாவது செய்கிறீர்களா? செய்தால் எங்கள் ஆர்டர் கிடையாது.

“நோ சார். ஒன்லி லேடீஸ் சார்” என்றார் மேனேஜர், நெஞ்சில் கை வைத்து.

அந்தக் கை நெஞ்சைவிட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில்தான் இப்படி மூவரும் வண்டி முன்னால் நின்றோம். அக்கா சொன்னதை நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். “சார், புராடக்ட் நாட் அவைலபிள் சார்.”

அவர் தாம்பாளத்தில் குவிந்திருந்த நூடுல்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஒய்?”

“தீந்துபோச்சுன்னு சொல்லித் தொலைப்பா” என்று மேனேஜர் என் காதைக் கடித்தார்.

அக்காவுக்குப் பாம்புக் காது. “தீரல. நானே சொல்லிக்கறேன்” என்றவர், குனிந்து வண்டிக்கு அடியிலிருந்து பாயின் பூட்ஸ் ஒன்றை எடுத்தார். ஈரத்துணியால் தூசியைத் துடைத்தார். அத்தோ தட்டு ஒன்றை எடுத்து, எங்கள் கம்பெனி முத்திரை வெளிநாட்டுக்காரருக்குத் தெரிகிற மாதிரி பூட்ஸைத் திருப்பி அதில் வைத்தார். “பர்மா. ஆர்மி” என்று சொல்லி, இரண்டு கையாலும் தட்டை அவர் முன்னால் நீட்டினார்.